வளைகாப்புக்குச் சந்தன எண்ணெய்: வாங்கிய புட்டியை நம்பலாமா?

மாயவரத்து மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாத்தனாருக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. மயிலாடுதுறையில் எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். மாமியாரின் பூஜை அறையில் ஒரு சந்தனக்கல்லும், தேய்ந்து விரல் நீளத்துக்கு வந்துவிட்ட ஒரு கட்டையும் இருக்கின்றன. நூற்றைம்பது பேர் வருகிற விசேஷத்துக்கு இதை வைத்துக்கொண்டு யார் அரைப்பது என்று என் கணவர் இணையத்தில் ஒரு புட்டி சந்தன எண்ணெய் வாங்கிவிட்டார். 10 மில்லி, 249 ரூபாய். கடைச் சந்தனப் பவுடரில் நாலு சொட்டு விட்டுக் குழைத்தால் கட்டைச் சந்தனத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது என்று போட்டிருக்கிறார்கள்.

கூடவே வந்த துண்டுச்சீட்டில் "சோழர் காலம் தொட்டுக் காவிரிக் கரைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் வயிற்றில் தடவி வந்த எண்ணெய்" என்று இருக்கிறது. மாமியாரோ "நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்கிறார். நாத்தனாருக்கு வாசனை பிடித்துப்போய் இப்போதே தடவிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். இது அசல்தானா? கன்னத்திலும் கையிலும் பூசினால் ஒன்றும் ஆகாதா? வயிற்றில் தடவுவது நம் பக்கத்து வழக்கமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகூர் நானா:

தங்கச்சி, முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்க. வாப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அத்தர் வியாபாரம். நம் நாட்டுச் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ரொம்ப வருஷம் ஆகிறது. இன்றைக்கு விலை அதற்கும் மேலே. சரி, ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். கிராம் நூறு ரூபாய். பத்து மில்லி என்பது கிட்டத்தட்ட பத்து கிராம், ஆக சரக்குக்கே ஆயிரம் ரூபாய். புட்டி, அட்டைப்பெட்டி, தபால் கூலி, வரி, விற்பவர் லாபம் எல்லாம் அதற்கு மேல். 249 ரூபாய்க்கு வந்த புட்டியில் அசல் ஒரு சொட்டு இருந்தாலே பெரிய விஷயம்.

ஏன் இவ்வளவு விலை என்றால், எண்ணெய் இருப்பது மரத்தின் வைரத்திலும், அதாவது முற்றிய நடுக்கட்டையிலும், வேரிலும்தான். வெளிச்சுற்று வெள்ளைக் கட்டையில் வாசமே கிடையாது. மரம் வைரம் பிடிக்க ஆரம்பிப்பதற்கே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், நல்ல சரக்கு வேண்டுமென்றால் முப்பது வருஷம். அதை வெட்டி, தூளாக்கி, நீராவியில் இரண்டு மூன்று நாள் விடாமல் வடித்தால் நூறு கிலோ வைரத்துக்கு மூன்று முதல் ஆறு கிலோ எண்ணெய் தேறும்.

மோந்து பார்க்கிற விதம் ஒன்று இருக்கிறது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு அலமாரியில் வையுங்க. அசல் முதலில் பெரிதாக மணக்காது. கொஞ்சம் பால் வாசனை, கொஞ்சம் மரவாசனை, அவ்வளவுதான். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே மணம் அதே அளவில் நிற்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் அடித்து, சாயங்காலத்துக்குள் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிஞ்சினால் அது சந்தனம் இல்லை.

தேரடித் தெரு (திருவாரூர்):

போன வருஷம் திருவிழாக் கடையில் என் அத்தை "மைசூர் சந்தன எண்ணெய்" என்று அறுபது ரூபாய்க்கு வாங்கி வந்தார். இன்னும் தீரவில்லை. சுவாமி படத்துக்கு வைத்தால் எறும்புகூட அந்தப் பக்கம் வருவதில்லை.

சோதனைக்குழாய்:

நானா சொன்ன விலைக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. வடிதாள் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். சோப்புத் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இப்போது வருகிற செயற்கைச் சந்தன மணப்பொருள்கள் பழைய மாதிரி இல்லை. சாண்டலோர், ஜவனால் என்று இருக்கின்றன. அவையும் காகிதத்தில் நாள்கணக்கில் நிற்கும். மலிவுச் சரக்கைத்தான் வடிதாள் காட்டிக்கொடுக்கும், கெட்டிக்காரக் கலப்படத்தை இல்லை.

வீட்டில் செய்கிற மற்ற சோதனைகளும் இப்படித்தான். தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும் என்பார்கள். சந்தன எண்ணெயின் அடர்த்தி 0.97 சுமாருக்கு இருக்கும், விளக்கெண்ணெயும் அதற்கு ஒட்டியே. இரண்டும் மிதக்கும், என்ன தெரியப்போகிறது? டிஇபி என்று ஒரு கரைப்பான், வாசனைத் தொழிலில் எல்லோரும் புழங்குவது, தண்ணீரைவிடக் கனம். அது அதிகமாக இருந்தால் சொட்டு அடியில் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் தூக்கி எறியலாம். மிதந்தால் அசல் என்று அர்த்தமில்லை. ஸ்பிரிட்டில் கரைத்துப் பார்ப்பதும் அப்படியே. பாரஃபின் எண்ணெய் கலந்திருந்தால் கலங்கிவிடும், கண்ணுக்கே தெரியும். ஆனால் விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல இல்லை, வீரியமான ஆல்கஹாலில் கரைந்து தெளிவாக நிற்கும். கலப்படக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதே அதனால்தான்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற ஆய்வகச் சோதனைதான். சந்தன எண்ணெயின் முக்கியப் பொருள் சாண்டலால். ஐஎஸ்ஓ 3518 என்ற சர்வதேசத் தரப்படி அதில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடு இருக்க வேண்டும். நல்ல விற்பனையாளர் அந்தத் தொகுதிச் சரக்குக்கான (பேட்ச்) சோதனை அறிக்கையைக் கேட்டால் கொடுப்பார். 249 ரூபாய்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

இன்னொன்று. புட்டியில் தாவரப் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சாண்டலம் ஆல்பம் என்றால்தான் நம் ஊர்ச் சந்தனம். சாண்டலம் ஸ்பிகாட்டம் என்றால் ஆஸ்திரேலியாவின் சொந்த இனம், சாண்டலால் குறைவு. அமைரிஸ் என்று இருந்தால் அது "மேற்கிந்தியச் சந்தனம்" என்ற பெயரில் விற்கிற வேறு மரம், சந்தனக் குடும்பமே இல்லை. ஆஸ்திரேலியாவில் குனுனரா பக்கம் நம் இனத்தையே பெரிய அளவில் தோட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே வெளிநாட்டு எண்ணெய் எல்லாமே போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

குடந்தைக் கல்:

அசலா போலியா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் துண்டுச்சீட்டில் எழுதியிருப்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருப்பது. தஞ்சாவூர் ஜில்லாவில் சந்தனம் என்றால் கல்லில் அரைத்த சந்தனம். கல்யாண வாசலில் பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் வைப்பது அதைத்தான். வளைகாப்பில் கன்னத்தில் தடவுவது அதைத்தான். சாவு வீட்டிலும் அதுதான். பெரிய கோயில் வாராகிக்கு ஆஷாட நவராத்திரியில் தினம் ஓர் அலங்காரம் செய்கிறார்களே, அதில் சந்தன அலங்காரத்துக்கும் அரைத்த விழுதுதான். வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமி சந்நிதியில் அர்த்தசாமத்துச் சந்தனத்துக்குக் காத்து நிற்கிறார்களே, அதற்கும் விழுதுதான். இதில் எங்கேயாவது எண்ணெய்ப் புட்டி வருகிறதா?

அரைக்கிற விதத்தைச் சொல்கிறேன், உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். கல்லைக் கழுவி, உள்ளங்கையில் எடுத்த தண்ணீரை நாலு சொட்டு விட வேண்டும். அதிகம் விட்டால் கட்டை வழுக்கும், ஒன்றும் இறங்காது. கட்டையின் வெட்டுமுகத்தைக் கல்லில் வைத்து, அழுத்தாமல், ஒரே பக்கமாக வட்டமாகச் சுற்ற வேண்டும். முதலில் தண்ணீர் மட்டும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் இளமஞ்சள் கோடு கட்டும். அதை உள்ளே தள்ளி, இன்னும் இரண்டு சொட்டு விட்டு, மறுபடி சுற்ற வேண்டும். வெண்ணெய்ப் பதம் வந்ததும் கையின் ஓரத்தால் வழித்துக் கிண்ணத்தில் சேர்ப்பது. விசேஷத்துக்கென்றால் மிளகளவு பச்சைக் கற்பூரமும் இரண்டு இழை குங்குமப்பூவும் சேர்த்து அரைப்போம். கட்டையில் இருக்கிற எண்ணெய் அப்போதுதான் வெளியே வந்து தூளோடு குழைகிறது. எண்ணெயைத் தனியே பிரித்துவிட்டால் அதற்கு ஏது அந்தக் குளிர்ச்சி?

சோதனைக்குழாய்:

கடைசி வரியை வழிமொழிகிறேன். சந்தனம் பூசினால் சில்லென்று இருப்பதற்குப் பெரும் காரணம் விழுதில் இருக்கிற தண்ணீர். அது காயும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நைசான தூள் வியர்வையையும் இழுக்கிறது. வேர்க்குருவுக்கும் வேனல் கட்டிக்கும் சந்தனம் போட்டது இதனால்தான். எண்ணெயில் தண்ணீரும் இல்லை, தூளும் இல்லை. புட்டி எண்ணெயைத் தடவிவிட்டுக் குளிர்ச்சியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

தரங்கைத் தமிழாசிரியர்:

சோழர் காலம் என்று சீட்டில் எழுதியவரைப் பார்த்து ஒன்று கேட்கத் தோன்றுகிறது: எந்தச் சோழர்? நம் மாவட்டத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிற பட்டினப்பாலை, கரிகாலன் காலத்துத் தெருவில் வந்து குவிந்த சரக்குகளைச் சொல்லும்போது "குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்" என்கிறது. ஆரம் என்பது சந்தனம். குடமலை மேற்கு மலை, காவிரி பிறக்கிற அதே மலை. அதாவது அப்போதும் சந்தனம் நம் ஊரில் விளைந்தது அல்ல. மேற்கிலிருந்து வந்து இறங்கிய சரக்கு. வந்ததும் கட்டையாக.

வந்த கட்டையை என்ன செய்தார்கள் என்பதற்குச் சிலப்பதிகாரம் புகார்க் காண்டத்தில், அந்திமாலைச் சிறப்புச் செய் காதையில் இரண்டு வரி இருக்கிறது: "வடமலைப் பிறந்த வான்கேழ் வட்டத்துத் தென்மலைப் பிறந்த சந்தனம் மறுக." வடநாட்டு மலையில் எடுத்த வட்டக்கல்லில் தென்மலைச் சந்தனம் சுழல்கிறது. குடந்தைக்காரர் இப்போது எழுதியதும் இதுதானே? புகாரில் பணக்கார வீட்டில் கல்கூட இறக்குமதிச் சரக்கு, எண்ணெயைக் காணோம்.

பாட்டன் பெட்டகம்:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் பாட்டனார் பட்டுக்கோட்டையில் சித்த வைத்தியர். அவர் மருந்துப் பெட்டியில் சந்தன எண்ணெய் இருந்தது. நீர்க்கடுப்பு, வெட்டை இவற்றுக்கு வைத்தியர்கள் அதைச் சொட்டுக் கணக்கில் உள்ளுக்கே கொடுத்திருக்கிறார்கள். நம்மூர் வைத்தியம் மட்டுமில்லை, வெள்ளைக்கார மருத்துவமும் அதைத்தான் செய்தது. பென்சிலின் வருவதற்கு முன்னால் மேக வெட்டை என்கிற கொனோரியாவுக்கு ஐரோப்பாவில் சந்தன எண்ணெய்க் குளிகை சாதாரணமாக விற்ற மருந்து. நம் காட்டுக் கட்டை கப்பலேறி ஜெர்மனி போய் அங்கே எண்ணெயாக வடிந்தது. முதல் உலகப் போர் வந்து அந்த வழி அடைபட்ட பிறகுதான் மைசூர் சமஸ்தானம் 1916ல் சொந்தமாக எண்ணெய்த் தொழிற்சாலை வைத்தது. ஆக எண்ணெய்க்குப் பாரம்பரியமே இல்லை என்று சொல்வது சரியில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் "சந்தனாதித் தைலம்" என்று கேட்டால் கொடுப்பது வேறு. அது நல்லெண்ணெயில் சந்தனமும் இன்னும் பல மூலிகைகளும் சேர்த்துக் காய்ச்சியது, தலைக்குத் தேய்க்க. புட்டியில் வருகிற வடித்த எண்ணெய் அது அல்ல. அதைப் படித்துவிட்டு இதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டவர்கள் உண்டு.

குடந்தைக் கல்:

வைத்தியர் பெட்டியில் இருந்ததை யார் மறுத்தார்கள்? பாஷாணமும்தான் அந்தப் பெட்டியில் இருந்திருக்கும். வைத்தியர் கையால் சொட்டுக் கணக்கில், வியாதிக்குக் கொடுத்த மருந்து அது. அதை "காவிரிக் கரைப் பெண்கள் வயிற்றில் தடவினார்கள்" என்று ஆக்குவதைத்தான் கேட்கிறேன். உங்கள் பாட்டனார் கர்ப்பிணிக்கு அந்தப் புட்டியைத் திறந்திருப்பாரா?

பாட்டன் பெட்டகம்:

திறந்திருக்க மாட்டார். அதில் சண்டை இல்லை. இன்றைக்கு யாரும் உள்ளுக்குச் சாப்பிடவும் கூடாது, வெட்டைக்கு ஆயிரம் நல்ல மருந்து வந்துவிட்டது. நான் சொன்னது வரலாறு.

ஆனால் கோயிலில் எண்ணெயே இல்லை என்கிறீர்களே, புன்னைநல்லூர் மாரியம்மன்?

குடந்தைக் கல்:

நல்ல கேள்வி. புன்னைநல்லூர் அம்மன் புற்றுமண் திருமேனி. தண்ணீர் பட்டால் கரையும், ஆகவே மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடக்கும். அந்த நாற்பத்தெட்டு நாளும் அம்மனைத் திரையில்தான் தரிசிக்க முடியும். ஆனால் அங்கே பிரதானம் சாம்பிராணித் தைலம். அதோடு புனுகு, ஜவ்வாது, அரகஜா என்று சேரும். காரணமும் வேறு: மண் திருமேனி வெடிக்காமல் இறுகி நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. அதைச் சந்தன எண்ணெய் வழக்கத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது.

நாகூர் நானா:

ஐயா, நீங்கள் சொல்கிற டெல்டாவில் எங்கள் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்க. எங்கள் பக்கத்தில் எண்ணெய் உண்டு. அத்தர் என்றாலே அடியில் இருப்பது சந்தன எண்ணெய்தான், அதுதான் பழைய முறை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு மண்பூசி மூடி, கீழே அடுப்பு எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் வைத்த இன்னொரு செம்புப் பாத்திரத்துக்கு வரும். அந்தப் பாத்திரத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றியிருக்கும். ரோஜாவோ மல்லிகையோ, அதன் மணத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது காது மடிப்பில் ஒரு தொடு தொடுவோமே, அது இதுதான். சந்தனம் விலை ஏறிய பிறகு நிறையப் பேர் அடியில் பாரஃபினை ஊற்றுகிறார்கள். அந்த அத்தர் மக்ரிப், அதாவது அந்தித் தொழுகை, வரைகூட நிற்காது.

ஆனால் தர்காவுக்கு வந்துவிட்டால் நாங்களும் கல்லுக்குத்தான் போகிறோம். தர்காவின் கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு கிளம்பி இரவெல்லாம் ஊர்வலமாக வந்து விடியற்காலையில் நாகூர் சேரும். பெரிய எஜமான், அதாவது நாகூர் ஆண்டவரின் ரவுலாவில் (அடக்கத்தலத்தில்) பூசுவது அரைத்த சந்தனம். அதற்கான கட்டையைத் தமிழக அரசு விலையில்லாமல் கொடுக்கிறது. பூசி முடித்த சந்தனத்துக்குக் கை நீட்டி நிற்கிற கூட்டத்தில் எல்லா மதத்துக்காரரும் இருப்பார்கள். தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா அங்கே நிற்கிறதே, அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

மாயவரத்து மருமகள்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. புட்டியை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பெரிதாக "தூய சந்தன எண்ணெய்". பின்பக்கம் பொடி எழுத்தில் "நறுமணப் பயன்பாட்டுக்கு மட்டும்". தாவரப் பெயர் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. ஒரு சொட்டைத் தம்ளர் தண்ணீரில் விட்டேன், நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. தடவக் கூடாது என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் நிஜமான எண்ணெயே கிடைத்தாலும் கர்ப்பிணிக்கு வேண்டாமா? அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா செஞ்சந்தனப் பொடி வைத்திருக்கிறார், அதைக் குழைத்துப் பூசலாம் என்கிறார். அது இன்னும் உசத்தி என்றும் சொல்கிறார்.

சோதனைக்குழாய்:

அசல் எண்ணெயாக இருந்தாலும் நேரடியாகத் தோலில் வேண்டாம். சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், அதைத் தொடு ஒவ்வாமை என்பார்கள். தோலில் தடவ அதிகபட்சம் இரண்டு விழுக்காடு என்று ஒரு வரம்பு சொல்லப்படுகிறது. அதாவது நூறு மில்லி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மில்லி. முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற இடங்களில். இது சாதாரண ஆட்களுக்கு. உங்கள் நாத்தனார் விஷயத்தில் அவரைப் பார்க்கிற மருத்துவரைக் கேட்காமல் எந்த வாசனை எண்ணெயும் வயிற்றுப் பக்கம் போகக் கூடாது. உங்களிடம் இருக்கிற புட்டி எந்த மருத்துவரையும் கேட்க வேண்டிய தகுதிகூட இல்லாதது.

செஞ்சந்தனம் வேறு மரம். ஆந்திராவில் சேஷாசலம் காடுகளில் வளர்வது, அவரைக் குடும்பம். சந்தன வாசனை அதில் கிடையாது, வடித்தால் சந்தன எண்ணெயும் வராது. சிவப்புச் சாயத்துக்கும் மரவேலைக்கும் மருந்துக்கும் பயன்படுவது. உசத்தி, மட்டம் என்று ஒப்பிடவே வழியில்லை. வெள்ளைப் புடவையில் பட்டால் கறை போகாது என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லுங்கள்.

குடந்தைக் கல்:

அம்மா, நூற்றைம்பது பேருக்கும் கட்டைச் சந்தனம் என்று யார் சட்டம் போட்டார்கள்? வருகிறவர்களுக்கு வாசலில் வைக்கிற கிண்ணம் வேறு, பெண்ணுக்குப் பூசுகிற கிண்ணம் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் கிண்ணத்துக்கு எல்லோரும் கடைப் பவுடரைத்தான் குழைக்கிறார்கள். அது பெரும்பாலும் மாவும் மஞ்சள் நிறமும் செயற்கை வாசனையும்தான். நெற்றியில் ஒரு பொட்டோடு போகிறது, போகட்டும். பெண்ணுக்கு மட்டும் மாமியார் வைத்திருக்கிற கட்டையில் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து அரையுங்கள். விரல் நீளக் கட்டை ஒரு வளைகாப்புக்குத் தாராளம். பச்சைக் கற்பூரத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள், கர்ப்பிணித் தோலில் எதற்கு? வெறும் தண்ணீர் போதும். சுமங்கலிகள் ஒவ்வொருவரும் கன்னத்தில் அப்ப வேண்டும் என்பதில்லை, விரல் நுனியால் தொட்டு வைத்தால் போதும்.

கட்டையை அரைத்து முடித்ததும் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்தித் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் போட்டால் வெட்டுமுகம் வெடிக்கும்.

புதுக் கட்டை வாங்குவதென்றால் ரசீது கொடுக்கிற இடத்தில் மட்டும். தெருவில் கூவி வருகிறவனிடம் வாங்கினால் ஏதோ ஒரு மரத்தில் வாசனை எண்ணெய் தடவியதுதான் கிடைக்கும், அல்லது திருட்டுக் கட்டை. முதலாவது பணம் போச்சு, இரண்டாவது வழக்கு.

தேரடித் தெரு (திருவாரூர்):

திருட்டுக் கட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் பஞ்சமே எதற்கு, நம் வயல் வரப்பிலேயே சந்தனம் போட்டால் என்ன? ஒரு ஏக்கருக்குக் கோடி ரூபாய் என்று தினம் ஒரு காணொளி வருகிறது.

பேராவூரணித் தோப்பு:

அந்தக் காணொளியைப் பார்த்துப் போட்டவர்களில் நானும் ஒருவன், ஆகையால் உள்ளதைச் சொல்கிறேன். 2018 கஜா புயலில் எங்கள் தென்னை பாதிக்கு மேல் படுத்துவிட்டது. காலி இடத்தில் என்ன போடுவது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கம் செம்மண் கலந்த நிலம், தண்ணீர் நிற்காது, அதனால் துணிந்தேன். உங்கள் திருவாரூர், நாகைக் களிமண்ணில் ஐப்பசி கார்த்திகை முழுக்கக் காலடியில் தண்ணீர் நிற்குமே, அங்கே சந்தனம் வேர் அழுகிப் போய்விடும். வரப்பில் வைக்கிற யோசனையை மறந்துவிடுங்கள்.

சந்தனம் தனியாக வளராது என்பதைக் காணொளியில் சொல்வதில்லை, சொன்னாலும் கடைசியில் ஓடுகிற எழுத்தாகச் சொல்கிறார்கள். அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும். நாற்றங்கால் பையிலேயே பொன்னாங்கண்ணி மாதிரி ஒன்று கூட இருக்க வேண்டும். நட்ட பிறகு முதல் இரண்டு வருஷம் துவரை, அதற்கப்புறம் சவுக்கு, அகத்தி. துணைச் செடி செத்தால் சந்தனமும் வெளிறிப்போகும். தொழில்முறையில் பார்த்தால் சந்தனத் தோப்பு என்பது முக்கால்வாசி துணை மரத் தோப்புதான். தண்ணீர் அதிகம் காட்டி வளர்த்தால் மரம் சீக்கிரம் பருக்கும், ஆனால் எனக்குத் தேவை பருமன் இல்லை, வைரம். ஸ்பைக் நோய் என்று ஒன்று வேறு இருக்கிறது. இலை சிறுத்துக் குச்சி குச்சியாக நிற்கும், இரண்டு மூன்று வருஷத்தில் மரம் போய்விடும், மருந்து கிடையாது.

சட்டம் பற்றி: முன்பெல்லாம் நம் பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் அரசாங்கத்துடையது. 1792ல் திப்பு சுல்தான் மைசூரில் அதை ராஜ மரம் என்று அறிவித்ததிலிருந்து வந்த வழக்கம் அது என்பார்கள். தமிழ்நாட்டில் 2002ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மரம் நில உடைமையாளருக்கே சொந்தம். ஆனால் வெட்ட வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், எடுத்துப் போகவும் அனுமதி வேண்டும். நாமே வெட்டி வண்டியில் ஏற்றிக் கும்பகோணம் சந்தையில் விற்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டினாலும் திருட்டு. மரம் பத்து வருஷத்தைத் தாண்டி வைரம் பிடித்ததும் யார் சொல்வார்களோ தெரியாது, ஆள் வந்துவிடுவான். ஒரே இரவில், கை ரம்பத்தில், சத்தமில்லாமல். வேலி, கேமரா, நாய், காவலாள் எல்லாம் இருபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு பிறகு கோடியைப் பற்றிப் பேசுங்கள். "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று கன்று விற்கிற நிறுவனங்கள் வருகின்றன. முப்பது வருஷம் கழித்து வாங்குகிறவன் இருப்பானா என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது. நான் கன்றைத் தனியாரிடம் வாங்காமல் வனத்துறை நாற்றங்காலில் வாங்கினேன், அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

நாகூர் நானா:

பேராவூரணி அண்ணே, நிலத்தடியில் கிடக்கிற வேரை விட்டுவிடாதீங்க. எண்ணெய் அதிகம் அங்கேதான். முறைப்படி எடுப்பவர்கள் மரத்தை அறுப்பதில்லை, வேரோடு தோண்டித்தான் எடுப்பார்கள்.

பேராவூரணித் தோப்பு:

தெரியும் நானா. திருடன் மட்டும்தான் அறுக்கிறான்.

தேரடித் தெரு (திருவாரூர்):

சரி, வரப்பு யோசனையைக் கைவிட்டாச்சு. ஆனால் உண்மையிலேயே ஒரு கேள்வி. எங்கள் கொல்லையில் கிணற்று மேட்டில், யாரும் நடாமல் ஒரு சந்தன மரம் நிற்கிறது. காக்கையோ குயிலோ பழத்தைத் தின்று போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வேப்பமரம். முழங்கை பருமன் இருக்கிறது. அப்பா கிளையை உடைத்து மோந்து பார்த்துவிட்டு வாசமே இல்லை, இது சந்தனமே இல்லை என்று வெட்டச் சொல்கிறார்.

பேராவூரணித் தோப்பு:

வெட்டிவிடாதீர்கள் தம்பி! கிளையில் வாசம் இருக்காது, இலையிலும் இருக்காது. முழங்கை பருமனில் நடுவில் வைரம் விழ ஆரம்பித்திருந்தாலே அதிசயம். எதிரெதிராக இலை, சின்னச் சின்ன மெரூன் நிறப் பூ, கறுத்த உருண்டைப் பழம் இருந்தால் சந்தனம்தான். துளை போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தத் துளை வழியாகப் பூச்சியும் பூசணமும் இறங்கும். வேப்பமரத்தையும் தொடாதீர்கள், உங்கள் சந்தனம் அதைத்தான் நம்பி நிற்கிறது.

முதல் வேலையாக கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கல் என்கிற கிராம நிலக் கணக்கில் ஒரு சந்தன மரம் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். நாளைக்கு வெட்ட அனுமதி கேட்டாலும், களவு போய்ப் புகார் கொடுத்தாலும், வனத்துறையில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று இந்த மாதிரி பொது இடத்தில் இதற்கு மேல் எழுதவும் வேண்டாம். கிணற்று மேடு என்று எழுதியதையே முடிந்தால் அழித்துவிடுங்கள்.